கோபுரத்தைக் காட்டுகிறார்கள், வாசலைக் காட்டுவதில்லை

பழைய கத்தோலிக்கப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் சுற்றிப் பார்ப்பது இன்று ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. திருச்சி தூய வளனார் கல்லூரி 2019இல் 175ஆம் ஆண்டைத் தொட்டது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி 2023இலும் சென்னை லயோலா 2025இலும் நூற்றாண்டை எட்டின. விழா என்றால் மலர் வருகிறது, காணொளி வருகிறது, முன்னாள் மாணவர்களையும் விருந்தினர்களையும் வளாகத்தைச் சுற்றி அழைத்துப்போகும் நிகழ்ச்சியும் வருகிறது. போய் வந்தவர்கள் எழுதுகிறார்கள். யார் எழுதினாலும் முடிவு ஒன்றுதான்: இங்கே இறைநம்பிக்கையும் கல்வியும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. இந்த முடிவை நான் ஏற்கவில்லை. அந்தக் கலப்பு நடக்க முடியாதது என்பதால் அல்ல. அது நடந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே இடத்துக்கு இந்தச் சுற்றுலா யாரையும் அழைத்துப்போவதில்லை என்பதால்.

அழைத்துப்போகும் வழி எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வாயிலில் இஞ்ஞாசியார் அல்லது சூசையப்பர் சுரூபம். அடுத்து கோயில், அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்து இந்த மண்ணிலேயே அடங்கிய குருக்களின் படங்கள், நூலகம், பழைய ஆய்வகக் கருவிகள். கடைசியில் புகழ்பெற்ற முன்னாள் மாணவர்களின் வரிசை. திருச்சியில் இந்த வழி கண்ணை நிறைக்கும். சத்திரம் பேருந்து நிலையத்தின் இரைச்சலைத் தாண்டி உள்ளே போனால் லூர்து அன்னை கோயிலின் கோபுரம் 200 அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. எதிரே மலைக்கோட்டை. கல்லூரிக்குள்ளே சென்னை ஆளுநர் ஆர்தர் லாலியின் பெயர் தாங்கிய லாலி ஹால். பார்க்கிறவர் மனம் இளகிப்போவது இயல்பே.

இந்த நிறுவனங்கள் சாதித்தவற்றை மறுக்க எனக்கு எண்ணமில்லை. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த இந்தக் கல்லூரியில்தான் ராமேஸ்வரத்து முஸ்லிம் மாணவர் அப்துல் கலாம் இயற்பியல் படித்தார். அங்கே விடுதியின் சைவ உணவுக்கூடச் செயலாளராக இருந்ததையும், ரெக்டர் களத்தில் அடிகளாரை ஒரு ஞாயிறு மதிய விருந்துக்கு அழைத்ததையும் தன் வாழ்க்கை வரலாற்றில் நன்றியோடு குறிப்பிடுகிறார். இதே கல்லூரியின் ராப்பினாட் உலர்தாவரகத்தை உருவாக்கிய சேசு சபைக் குரு கே. எம். மேத்யூ, காடும் மலையும் ஏறித் திரட்டிய செடிகளைக் கொண்டு தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களைத் தொகுதி தொகுதியாக விவரித்தார். படைப்பை நேசிக்கிறவன் படைப்பை உற்றுப் பார்க்க வேண்டும் என்பதை அவர் செய்து காட்டினார். நம்பிக்கையும் அறிவும் ஒரு மனிதருக்குள் கலக்க முடியும் என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

பழைய கட்டடங்களைக் காப்பதும் நல்லதுதான். பொதுப்பணத்தில் எழுந்த எத்தனையோ பழைய பள்ளிகள் இடிந்து கிடக்கும் நாட்டில், ஒரு துறவற சபை தன் ஓடுகளையும் ஓலைகளையும் ஏடுகளையும் பேணி வைத்திருப்பது பாராட்டத் தக்கது.

என் மறுப்பு வேறு. ஒரு பள்ளியின் நம்பிக்கை கோயிலில் இருக்கலாம். அதன் கல்வி வகுப்பறையிலும் தேர்வு முடிவிலும் இருக்கலாம். இரண்டும் சந்திக்கும் இடம் எது? ஜூன் மாதத்தில் ஒரு குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு தாய் நிற்கும் அட்மிஷன் மேசை. யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது, சேர்த்தவர்களில் யாரை எந்தப் பிரிவில் உட்கார வைப்பது என்ற மூன்று முடிவுகளில்தான் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் இறையியல் முழுவதும் வெளிப்படுகிறது. கோயிலில் எத்தனை மெழுகுவர்த்தி எரிந்தாலும் அந்த மேசையில் எடுத்த முடிவை அது மாற்றிவிடாது. அந்த மேசையைப் பார்க்காமல் திரும்பியவர் பள்ளியைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. அவர் பார்த்தது பள்ளி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை மட்டும்.

இந்த அளவுகோலை நான் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. இந்தக் கல்லூரிகளை நடத்தும் சேசு சபை தானே வைத்துக்கொண்டது இது. பொதுமக்களின் பிள்ளைகளுக்காகச் சபை தொடங்கிய முதல் பெரிய பள்ளி சிசிலித் தீவின் மெசீனாவில் 1548இல் எழுந்தது. அங்கே கட்டணம் கிடையாது. கற்பிப்பதற்குக் கூலி வாங்கக் கூடாது என்பது நிறுவனர் இஞ்ஞாசியார் சபைக்கு வகுத்த நெறி. நகரத்தாரும் பிரபுக்களும் கொடுத்த மூலதனத்தில் பள்ளி நடக்கும், ஏழை பணக்காரன் என்று பாராமல் வருகிறவனுக்கு இடம் உண்டு. 1599இல் வெளியான புகழ்பெற்ற பாடத்திட்டத்தைப் பற்றி இந்தச் சுற்றுலாக்களில் பெருமையாகப் பேசுவார்கள். அந்தப் பாடத்திட்டம் இலவசமாகத் தரப்பட்டது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். சபை கலைக்கப்பட்டு மீண்டு வந்த பிறகு, மூலதனங்களை இழந்த நிலையில், 19ஆம் நூற்றாண்டில் போப்பிடம் விலக்குப் பெற்றுத்தான் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். அன்றைய நெருக்கடி உண்மையானது. ஆனால் விலக்கு விலக்குதான். அதை மரபு என்று காட்டக் கூடாது.

இன்னும் அருகில் வந்தால் பெத்ரோ அருப்பே நிற்கிறார். 1973 ஜூலை 31, இஞ்ஞாசியார் திருநாள். ஸ்பெயினின் வலென்சியாவில் ஐரோப்பியச் சேசு சபைப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் கூடியிருந்த அரங்கில் சபையின் அன்றைய தலைவரான அருப்பே பேசினார். உங்களை நீதிக்காக உருவாக்கினோமா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றே நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றார். பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே இனி நம் கல்வியின் நோக்கம் என்றார். கேட்டவர்களில் பலருக்குக் கோபம். அவர்கள் வாழ்த்துக் கேட்க வந்தவர்கள். அடுத்து 1974–75இல் கூடிய சபையின் 32ஆம் பொதுப் பேரவை, நம்பிக்கைக்கு ஆற்றும் பணியும் நீதியை வளர்ப்பதும் ஒன்றையொன்று விட்டு நிற்க முடியாதவை என்று தீர்மானமே இயற்றியது. 'பிறருக்காக வாழும் மனிதர்' என்ற முழக்கம் இன்று எல்லா வளாகச் சுவர்களிலும் இருக்கிறது. அது முன்னாள் மாணவர் கூட்டத்தை நோக்கி வைத்த கடிந்துரை என்ற வரலாற்றை எந்தச் சுவரிலும் நான் கண்டதில்லை.

தமிழ்நாட்டுக் கிறித்தவத்துக்கு இந்தக் கேள்வி கூடுதல் கனமுள்ளது. காரணம் சாதி. 1606இல் மதுரைக்கு வந்த சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். உயர்சாதியாரிடம் பேசுவதற்கு அது வழி என்று நம்பினார். 1640 அளவில் தாழ்த்தப்பட்டோருக்கென்று பண்டாரசுவாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் வந்தனர். ஒரே சபை, ஒரே சுவிசேஷம், இரண்டு வகைச் சாமியார்கள். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயில், சாதிக்கு ஒன்றாக, இடையே தடுப்போடு, இரு கூடங்கள் பலிபீடத்தருகே வந்து சேரும்படி கட்டப்பட்டது. 1910இல் அந்தத் தடுப்பை அகற்றியபோது எழுந்த எதிர்ப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தடுப்பை அகற்றிய குருக்களை நான் வணங்குகிறேன். அது எழ இடம்கொடுத்ததும் இதே திருச்சபைதான் என்பதையும் மறக்க மாட்டேன்.

திருச்சிக் கல்லூரியின் கதையிலும் இது உண்டு. 1890களில் கல்லூரியில் படித்த பிராமண இளைஞர்கள் சிலர் திருமுழுக்குப் பெற்றார்கள். வீட்டை இழந்து வந்த அவர்களுக்குப் புகலிடம் கொடுத்தது நியாயம். ஆனால் அந்தப் புகலிடம் செயிண்ட் மேரிஸ் தோப்பு என்ற தனிக் குடியிருப்பாக, தங்கள் ஆசாரங்களை விடாமல் வாழ்வதற்கு ஏற்றபடி அமைந்தது. சுற்றிப் பார்க்க வருகிறவர் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார். அதே கோபுரத்தின் நிழலில், மதம் மாறினாலும் சாதி மாற வேண்டியதில்லை என்ற ஏற்பாடும் வளர்ந்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா? நம்பிக்கையும் கல்வியும் கலந்த வரலாறு என்றால் இதுவும் அந்தக் கலவையின் பகுதி.

அதெல்லாம் நூறாண்டுக்கு முந்தையது என்பார்கள். இன்றைக்கு வருவோம். தமிழ்நாட்டின் பல நகரங்களில் பழைய கத்தோலிக்கப் பள்ளி ஒன்றின் மதிலுக்குள் போனால் இரண்டு பள்ளிகள் இருக்கும். ஒன்று அரசு உதவி பெறும் பிரிவு, பெரும்பாலும் தமிழ்வழி. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, சத்துணவு உண்டு, சீருடையும் பாடநூலும் இலவசம். மற்றொன்று சுயநிதிப் பிரிவு, ஆங்கிலவழி. சில இடங்களில் அது மெட்ரிக், சில இடங்களில் சி.பி.எஸ்.இ. என்று தனிப் பெயரோடு தனிக் கட்டடத்தில் இயங்கும். ஒரே துறவற சபை, ஒரே மைதானம், ஒரே மாதா கெபி. பிள்ளைகள் வேறு. முதல் பிரிவில் கட்டடத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், துப்புரவுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். இரண்டாம் பிரிவில் அதிகாரி, வியாபாரி, மருத்துவர் வீட்டுப் பிள்ளைகள். பெற்றோர் கட்டும் பணமே பிள்ளையின் வகுப்பை முடிவுசெய்கிறது. பணம் நம் ஊரில் யார் கையில் தலைமுறை தலைமுறையாக இருந்தது என்பதை எல்லாரும் அறிவோம். வடக்கன்குளத்துத் தடுப்பை 1910இல் எடுத்தோம். பள்ளி வளாகத்துக்குள் அதைக் கட்டணச் சீட்டால் மீண்டும் எழுப்பியிருக்கிறோம்.

இந்த இரண்டாம் பிரிவின் அட்மிஷன் எப்படி நடக்கிறது என்பதைப் பிள்ளை சேர்க்க அலைந்த எந்தப் பெற்றோரும் சொல்வார்கள். பங்குத்தந்தையின் கடிதம், முன்னாள் மாணவரின் பரிந்துரை, பெற்றோரின் படிப்பு, பெற்றோரோடு ஒரு 'சந்திப்பு'. கத்தோலிக்கப் பிள்ளைக்கு முன்னுரிமை என்ற விதியை நான் குறை சொல்லவில்லை. சிறுபான்மைப் பள்ளி சிறுபான்மையினருக்கு இடம் தருவதற்காகவே இருக்கிறது. ஆனால் கத்தோலிக்கரிலும் எந்தப் பிள்ளை? ஞாயிறு பூசையில் பாடகர் குழுவில் நிற்கும் ஆசிரியர் வீட்டுப் பிள்ளையா, கல்லறையில்கூடத் தனி மூலை ஒதுக்கப்பட்ட தெருவிலிருந்து வரும் பிள்ளையா? ஓர் ஊரில், பெயர் வேண்டாம், ஒரு பழைய பள்ளியைச் சுற்றிக் காட்டியவரிடம், ஆங்கிலவழி ஆறாம் வகுப்பில் வீட்டிலேயே முதல்முறையாகப் படிக்க வந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். அந்தக் கணக்கை யாரும் கேட்டதில்லை என்றார். என் குறை முழுவதும் அந்தப் பதிலில் அடங்கும். கேட்காத கணக்கை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

சட்டமும் கேட்பதில்லை. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிவுற்ற பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. பெற்றோரையோ பிள்ளையையோ வடிகட்டித் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2014 மே மாதம் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசமைப்பின் 30ஆம் பிரிவைக் காட்டி, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்றது. 2025 செப்டம்பரில் வேறொரு அமர்வு அந்தத் தீர்ப்பின் சரித்தன்மையை ஐயுற்று, பெரிய அமர்வுக்கு அனுப்பப் பரிந்துரைத்திருக்கிறது. தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட ஆய்வு, சிறுபான்மைப் பள்ளிகளில் சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய பிள்ளைகள் 9 சதவீதத்துக்கும் குறைவு என்றது. அந்த ஆணையத்தின் நோக்கத்தை ஐயுறுவதற்குக் காரணங்கள் உண்டு. சரி, அதை ஒதுக்கிவிடுவோம். அப்படியானால் உங்கள் கணக்கு என்ன? எண் தவறு என்று சொல்கிறவர் சரியான எண்ணை வெளியிட வேண்டும்.

சரியான எண்ணை வெளியிடும் துணிவு திருச்சபைக்கு இல்லாமல் இல்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. நாட்டின் கத்தோலிக்கர் ஏறக்குறைய 1.9 கோடி, அவர்களில் 1.2 கோடி பேர் தலித்துகள் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும் ஒப்புக்கொண்டார்கள். 1950இன் குடியரசுத் தலைவர் ஆணையால் அரசின் பட்டியல் சாதி உரிமைகள் கிறித்தவ தலித்துக்கு இன்றும் மறுக்கப்படுகின்றன. அரசு கதவைச் சாத்திய அந்தப் பிள்ளைக்கு எஞ்சியிருப்பது திருச்சபையின் சொந்தக் கதவு ஒன்றுதான். அதைத் திறந்து வைப்பதைவிடப் பெரிய மறைக்கல்வி எது? பத்தில் ஆறு கத்தோலிக்கர் தலித்துகள் என்றால், திருச்சபையின் மிகச் சிறந்த பள்ளியின் மிகச் சிறந்த பிரிவில் பத்துக் கத்தோலிக்கப் பிள்ளைகளில் ஆறு பேர் தலித்துகளாக இருக்க வேண்டும். இருக்கிறார்களா? எந்த நூற்றாண்டு மலரிலும் இந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் ஒதுக்கியதாக நான் படித்ததில்லை.

இதற்கு வழக்கமாக வரும் விடைகள் எனக்குத் தெரியும். முதல் விடை: எங்கள் பள்ளி எல்லா மதத்தாருக்கும் திறந்தது. உண்மை. பெரும்பான்மைப் பிள்ளைகள் இந்துக்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேச வகுப்புக்குப் போகும்போது மற்றவர்களுக்கு நல்லொழுக்க வகுப்பு நடக்கிறது. பிறர் சமயத்தை மதிக்கும் அந்த நாகரிகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லா மதத்தாரும் வருவது வேறு, எல்லா நிலையினரும் வருவது வேறு. மூன்று மதங்களைச் சேர்ந்த மூன்று மருத்துவர்களின் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் அது மத நல்லிணக்கம்தான். சமத்துவம் என்று அதைச் சொல்ல முடியாது.

இரண்டாம் விடை: கலாம். எந்தத் திறனாய்வுக்கும் கடைசியில் இந்தப் பெயரை எடுத்து வைக்கிறார்கள். படகோட்டி வீட்டுப் பிள்ளை படித்த இடம் இது என்கிறார்கள். கலாம் அங்கே படித்தது 1950களின் முதல் பாதியில். அன்று ஆங்கிலவழிச் சுயநிதிப் பிரிவு என்ற ஒன்று கிடையாது. அன்றைய கதவைக் காட்டி இன்றைய கதவுக்குச் சான்று தருவது சரியல்ல. இன்று ராமேஸ்வரத்திலிருந்து அதே நிலையில் ஒரு பையன் பெட்டியோடு வந்து நின்றால் அவனை எந்தப் பிரிவுக்கு அனுப்புவார்கள், எவ்வளவு கட்டச் சொல்வார்கள் என்பதைச் சொல்லட்டும். கலாமின் படத்துக்கு மாலை போட அதற்குப் பிறகே உரிமை.

மூன்றாம் விடை: தரம். ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்தால் தேர்ச்சி விகிதம் விழும், விழுந்தால் பள்ளியின் பெயர் போகும். இந்த விடை என்னைக் கோபப்படுத்துகிறது, மறைக்கப் போவதில்லை. வீட்டிலேயே புத்தகமும் டியூஷனும் கணினியும் உள்ள பிள்ளையைப் பொறுக்கி எடுத்து அவனை 95 வாங்க வைப்பதில் ஆசிரியரின் பங்கு எவ்வளவு? அயர்லாந்தின் கார்க் நகரத்தில், கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதே குற்றமாக இருந்த 18ஆம் நூற்றாண்டில், நானோ நேகல் சந்து சந்தாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து படிக்க வைத்தார். அவர் தொடங்கிய பிரசன்டேஷன் சபை 1842இல் சென்னைக்கு வந்தது. அதே சபையின் சர்ச் பார்க் கான்வென்ட் இன்று மாநகரின் பெருமைமிக்க பள்ளிகளில் ஒன்று, ஒரு முதலமைச்சரையே தந்த பள்ளி. தொன் போஸ்கோ 1840களில் துரின் நகரத் தெருப்பையன்களுக்காகத் தொடங்கியது சலேசிய சபையின் பணி. அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகளில் இடம் பிடிக்க இன்று நம் நகரங்களில் வசதியுள்ளவர்கள் வரிசை கட்டுகிறார்கள். நிறுவனர் யாருக்காகப் பள்ளி தொடங்கினாரோ அவன் வெளியே நிற்க, நிறுவனரின் படம் உள்ளே தொங்குகிறது. இதைத் தரம் என்று சொல்லாதீர்கள்.

நான்காம் விடை கனமானது. சிறுபான்மையினர் நெருக்கப்படும் இந்தக் காலத்தில் இப்படி எழுதலாமா? எதிரியின் கையில் கோல் கொடுப்பதாகாதா? 30ஆம் பிரிவு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அது பள்ளி நடத்தும் உரிமை. அந்த உரிமையைக் காக்க நீதிமன்றத்தில் வக்கீல் வைத்து வாதாடுவதைவிட வலுவான வழி ஒன்று இருக்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தாத 25 சதவீதத்தை, ஏன் 40 சதவீதத்தை, தாமாகவே கொடுத்துவிடுவது. அதன் பிறகு எந்த ஆணையமும் எந்த அறிக்கையும் எழுத முடியாது. இந்தப் பள்ளிகளுக்காக முதலில் தெருவில் இறங்குகிறவர்கள் அந்தப் பிள்ளைகளின் பெற்றோராக இருப்பார்கள். ஏழைகளைச் சேர்க்காமல் இருப்பதற்கும் 30ஆம் பிரிவையே அரணாகக் காட்டுவதுதான் அந்தப் பிரிவுக்கு நாம் செய்யும் பெருந்தீங்கு.

நேர்மையான சுற்றிக்காட்டல் முடியாத காரியம் அல்ல. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் சேசு சபையுடையதே. 1838இல் மேரிலாந்துச் சேசு சபையினர் 272 அடிமைகளை விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்தின் கடனை அடைத்தது. நெடுங்காலம் மூடிக் கிடந்த இந்தக் கதையை மாணவர்களின் போராட்டம் திறந்தது. 2017இல், விற்பனையை நடத்திய குருவின் பெயரைத் தாங்கியிருந்த கட்டடத்துக்கு, விற்கப்பட்டோர் பட்டியலில் முதலில் இருந்த ஐசக் ஹாக்கின்ஸின் பெயரைச் சூட்டினார்கள். அதைவிட முக்கியமானது, விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு முன்னாள் மாணவர் பிள்ளைகளுக்கு நிகரான கவனம் அட்மிஷனில் தரப்படும் என்று அறிவித்ததுதான். செய்தது போதுமா என்று அங்கே இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் மன்னிப்பு கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம் அட்மிஷன் மேசை என்று கண்டுகொண்டார்கள். அவர்களால் முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இன்னொன்றும் உண்டு. பழமையான கத்தோலிக்கப் பள்ளி என்றதும் நம் எழுத்தாளர்கள் கோபுரமுள்ள பள்ளிகளுக்கே போகிறார்கள். கிராமங்களில் 'ஆர்.சி. பள்ளிக்கூடம்' என்று மக்கள் சொல்லும் ஆரம்பப் பள்ளிகளுக்கு யாரும் போவதில்லை. மாதா கோயிலை ஒட்டி நாலு வகுப்பறை, தலைமையாசிரியராக ஒரு சிஸ்டர், அரசு கொடுக்கும் சம்பளம், ஊரின் மிக ஏழைப் பிள்ளைகள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை ஊரக உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில் விரிவாக்கியபோது, அது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் இத்தகைய கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில்தான் தொடங்கியது. அந்தப் பள்ளிகள் இன்று பிள்ளைகள் குறைந்து, ஓடு ஒழுக, ஒவ்வொன்றாக மூடப்படும் அச்சத்தில் இருக்கின்றன. நம்பிக்கையும் கல்வியும் கலந்த இடத்தைப் பார்க்க விரும்புகிறவர் முதலில் அங்கே போகட்டும். வண்ணக் கண்ணாடி இருக்காது, புகழ்பெற்றோர் பலகை இருக்காது. அட்மிஷனில் யாரும் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை என்ற ஒரே பெருமை இருக்கும். நகரத்துப் பெரிய பள்ளிகளின் விழாச் செலவில் ஒரு பகுதி இந்த ஓடுகளுக்குப் போனால் அதுவே உண்மையான நூற்றாண்டு விழா.

ஆகவே இனி ஒரு பழைய கத்தோலிக்கப் பள்ளியைப் பார்க்கப் போகிறவரிடம் நான் கேட்பது இதுதான். கோயிலைப் பாருங்கள், மனமுருக வேண்டிக்கொள்ளுங்கள், நூலகத்தையும் பாருங்கள். பிறகு அலுவலகத்துக்குப் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த ஆண்டு விண்ணப்பித்தவர்களில் யாரைச் சேர்க்கவில்லை? சேர்ந்தவர்களில் தலித்துகளும் முதல் தலைமுறையினரும் எத்தனை பேர், அவர்கள் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள்? கட்டணம் கட்ட முடியாதவனுக்கு எத்தனை இடம்? விடை சொன்னால் அதை எழுதுங்கள், நல்ல விடையானால் ஊரெல்லாம் கேட்கும்படி எழுதுங்கள். சொல்ல மறுத்தால் மறுத்தார்கள் என்று எழுதுங்கள். அருப்பே 1973இல் தன் சொந்த மாணவர்களைப் பார்த்துச் சொன்ன கசப்பான விடையைத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் தம்மைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளும் வரை, நம்பிக்கையும் கல்வியும் இங்கே கலந்திருக்கின்றன என்ற வாக்கியத்தை யாரும் எழுதக் கூடாது. எழுதுகிறவர்கள் நம்பிக்கைக்கும் உதவவில்லை, கல்விக்கும் உதவவில்லை. வாசலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கோ அவர்கள் ஒரு காலத்திலும் உதவப் போவதில்லை.